படையலில் இருந்த ஓராப் பொரியல்

நேரம் தவறாத என்ரை அப்பாவுக்கு,

புதன்கிழமைகள் நீங்கலாக என்று சேர்த்து எழுத நினைத்தேன். பிறகு, எடுத்த எடுப்பிலேயே சண்டை எதற்கு என்று விட்டுவிட்டேன். ஆனால் இந்தக் கடிதம் முழுக்கப் புதன்கிழமைகளைப் பற்றியதுதான்.

நீங்கள் போய்ப் பதினொரு மாதம். வருடம் திரும்பும் ஆட்டத்திவசத்துக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. இந்தப் பதினொரு மாதத்தில் உங்கள் படத்துக்கு முன்னால் நான் ஒருநாள்கூட விளக்குக் கொளுத்தவில்லை. அம்மாதான் கொளுத்துகிறார். நீயும் ஒருக்கால் கொளுத்தலாமே என்று இரண்டொரு தரம் கேட்டார். தலைமுழுகவில்லை, கந்தோருக்கு நேரம் போகிறது என்று ஏதாவது சாட்டுச் சொல்லித் தப்பிக்கொண்டேன். உண்மையான காரணத்தை அம்மாவிடம் சொல்ல முடியாது. உங்களில் எனக்குச் சந்தேகம், அப்பா.

என்னை நீங்கள் "எங்கடை வீட்டுச் சி.ஐ.டி" என்று கூப்பிடுவீர்கள். காணிப் பதிவுக் கந்தோரில் இருபது வருடமாக உறுதிப் பத்திரங்களைப் பார்க்கிறவளுக்கு வேறு என்ன புத்தி வரும்? கையெழுத்துச் சரிந்திருந்தால் ஏன் சரிந்தது என்று கேட்டுத்தான் பழக்கம். சரியாக இருந்தால் ஏன் இவ்வளவு சரியாக இருக்கிறது என்று கேட்பேன்.

நீங்கள் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். பலாலி வீதியால் போகிற பஸ் இரண்டு நிமிடம் பிந்தினால் கொண்டக்டரைக் கூப்பிட்டு விசாரிப்பீர்கள். மற்ற நாட்களில் ஐந்து ஐம்பதுக்கு உங்கள் சைக்கிள் படலைக்குள் நுழையும். புதன்கிழமை மட்டும் ஆறு நாற்பத்தைந்து. சின்னப் பிள்ளையாக இருந்தபோதே நான் கேட்டிருக்கிறேன். புதன்கிழமையில் ரிப்போர்ட் எழுத வேண்டும் என்றீர்கள். சரி, பென்சன் எடுத்த பிறகு என்ன ரிப்போர்ட்? இடம்பெயர்ந்து இருந்த காலம் தவிர, உங்கள் புதன்கிழமை ஒன்றும் தவறியதில்லை. நூல்நிலையத்துக்குப் போகிறேன் என்று குடையையும் எடுத்துக்கொண்டு கிளம்புவீர்கள். நூல்நிலையத்துக்குப் போகிறவரின் கையில் திரும்பி வரும்போது ஒரு புத்தகமாவது இருக்க வேண்டாமா?

புதன்கிழமைகளில் வந்ததும் நேரே கிணற்றடிக்குப் போவீர்கள். வீட்டுக்குள் வர முதலே கை, முகம், வாய் எல்லாம் கழுவி முடித்துவிடுவீர்கள். விளக்கு மினுக்க என்று அம்மா கிணற்றடிக் கல்லில் வெட்டி வைத்திருக்கிற பாதித் தேசிக்காயையும் எடுத்துப் புளிச்சாறு பிழிந்து கையில் தேய்ப்பீர்கள். பிறகு இரவுச் சாப்பாடு. மற்ற நாட்களில் எட்டு இடியப்பம் சாப்பிடுகிற மனிதருக்குப் புதன்கிழமையில் நாலு போதும். இதையெல்லாம் நான் கண்டேன். கண்டும், ஒரு வீட்டில் தகப்பன் இருக்கும்வரை மகள் கேட்கக்கூடாத கேள்விகள் சில உண்டு என்று பேசாமல் இருந்தேன்.

நீங்கள் போன பிறகுதான் எல்லாம் ஒன்றுசேர்ந்தது. செத்தவீட்டன்று படலையோடு ஒரு மனுசி நின்று அழுதார். உள்ளே வரவில்லை. அறுபத்தைந்து வயது இருக்கும், கழுத்தில் சிலுவை. யார் என்று பக்கத்தில் நின்றவர்களைக் கேட்டேன். கொழும்புத்துறையில் இறங்குதுறைக்குக் கிட்டச் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிற றெஜினாவாம். உங்களுக்கும் கொழும்புத்துறைக்கும் என்ன தொடர்பு? நீங்கள் அரியாலையில் பிறந்தவர், ஓரளவு பக்கத்து ஊர்தான். ஆனால் ஓர் ஊர்க்காரியாகவா அவர் அழுதார்?

அடுத்தது எட்டாம் நாள். அந்தச் செவ்வாய்க்கிழமையை நான் மறக்கமாட்டேன். உங்களுக்குப் பிடித்தது எல்லாம் படைத்தோம். தோசை, உழுந்து வடை, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, பால்ரொட்டி, பக்கத்தில் பெரிய கோப்பையில் பிளேன்ரீ. வழமைபோலக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து நான்தான் முதலில் உள்ளே போனேன். வடைகளுக்குப் பின்னால், சின்ன வாழையிலைத் துண்டில், இரண்டு ஓரா மீன் பொரித்தபடி கிடந்தது.

மச்சம் தொடாத வீட்டில், அப்பா. முட்டை வாங்கினால்கூட வெளியே வைத்துப் பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுக்கச் சொல்கிற வீட்டில். அம்மாவின் தகப்பனார் மச்சத்தை விட்டால்தான் பெண் என்று சொல்லி, நீங்கள் சம்மதித்துக் கட்டிக்கொண்ட வீட்டில்.

வேறு யாரும் காண முதல் அதை முந்தானைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு போய்ப் பின்வேலிக்கு அப்பால் எறிந்தேன். பூனைகள் பார்த்துக்கொண்டன. கை நாறியது. நல்ல காலமாகக் கிணற்றடியில் ஒரு பாதித் தேசிக்காய் கிடந்தது, தேய்த்துக் கழுவினேன். திரும்பி வந்தபோது அம்மா படையலுக்கு முன்னால் நின்றார். மணிக்கட்டில் பஞ்சும் மருந்தும். முதல்நாள் பின்னேரம் கட்டினது அது. கேட்டதற்கு வடை சுடும்போது எண்ணெய் தெறித்தது என்றார். அம்மா தன் துக்கத்தில் ஒன்றையும் கவனிக்கவில்லை என்று எனக்கு ஆறுதல்.

அன்று காலை முழுக்க வாசல் திறந்தே கிடந்தது. ஆர் வந்தார், ஆர் போனார் என்று யாரால் சொல்ல முடியும்? எங்களுக்குத் தெரியாத உங்கள் பிடித்தத்தை, எங்களுக்குத் தெரியாத ஒருத்தி தெரிந்து வைத்திருக்கிறாள். என் மனம் அப்படித்தான் ஓடியது.

முப்பத்தோராம் நாள் றெஜினா திரும்ப வந்தார், கையில் உங்கள் குடை. கடைசிப் புதன்கிழமை அண்ணை மறந்து விட்டுட்டுப் போனவர் என்று மெல்லச் சொன்னார். உள்ளே பந்தி நடந்துகொண்டிருந்தது, சோற்று வாசம் படலைவரை வந்தது. நான் குடையை வாங்கிக்கொண்டு பந்தி முடிந்துவிட்டது என்றேன். அவர் திரும்பிப் போய்விட்டார். அவர் எந்த ஊர், எந்தக் கோயில் என்பதும் அந்த நேரத்தில் என் மனதில் இருந்தது. உங்களுக்கு எழுதுகிற கடிதத்தில் அதை ஒளிக்கமாட்டேன். குடையை அம்மாவின் கண்ணில் படாமல் அலுமாரிக்கு மேலே எறிந்துவிட்டேன்.

இதுதான் பதினொரு மாதக் கதை. இனி ஒரு பேய்ப்படத்துக்கு வருகிறேன்.

மேல் அறையில் வாடகைக்கு இருக்கிற நிதர்சனாவை உங்களுக்குத் தெரியாது. முல்லைத்தீவுப் பிள்ளை, பல்கலைக்கழக வளாகத்தில் மூன்றாம் வருடம். அவர்கள் ஒரு திரைப்பட வட்டம் நடத்துகிறார்கள். சனிக்கிழமை பின்னேரங்களில், எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் இருக்கிற ஒரு ரியூசன் கொட்டகையில், படம் போட்டுவிட்டுச் சுற்றியிருந்து கதைப்பார்கள். போன சனிக்கிழமை ஸ்பானிய மொழிப் பேய்ப்படம் ஒன்று, கீழே ஓடுகிற தமிழ் எழுத்து நாங்களே போட்டிருக்கிறோம், வாங்கோ அக்கா என்று நிதர்சனா கேட்டாள். நான் சரி என்றேன். அம்மாவும் சேலையை மாற்றிக்கொண்டு வந்து நின்றார், தானும் வருகிறாராம்.

அப்போதே எனக்கு யோசனை. உங்களோடு இத்தனை வருடம் வாழ்ந்து தியேட்டருக்கு நாலு தரம் போகாத மனுசிக்குப் பேய்ப்படத்தில் என்ன வேலை? மூக்குக்கண்ணாடியையும் வீட்டில் விட்டுவிட்டார். எழுத்து வாசிக்க வேண்டுமே என்றேன். படம்தானே, பார்த்தால் விளங்கும் என்றார்.

கொட்டகையில் சன்னல்களுக்குக் கறுத்தச் சீலை கட்டியிருந்தார்கள். நீண்ட மர வாங்கில்களில் முப்பது பேர், எல்லாம் வளாகத்துப் பிள்ளைகள். முன்வரிசையில் அம்மாவுக்கு மட்டும் ஒரு பிளாஸ்ரிக் கதிரை, பக்கத்து வாங்கிலில் நான்.

கதையைச் சொல்கிறேன், கேளுங்கள். கடலோரத்தில் ஒரு சின்னப் பட்டணம். அங்கே தபாற்காரர் ஒருவர் செத்துப்போகிறார். வருடத்தில் ஒருநாள் செத்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, பூவும் மெழுகுதிரியும் வைத்து, மேசையில் பரப்பிவிடுவது அவர்கள் ஊர் வழக்கம். எங்கடை எட்டு மாதிரியெல்லோ என்று அம்மா என் காதுக்குள் சொன்னார். பெண்சாதியும் மகளும் மேசை போடுகிறார்கள். மகளுக்கு என் வயது இருக்கும். விடியப் பார்த்தால் அவர்கள் வைத்தது எதுவும் தொடப்படவில்லை. ஆனால் அவர்கள் வைக்காத ஒரு தட்டு அங்கே இருக்கிறது, சாப்பிட்டு முடித்து வெறுமையாக. கதிரை பின்னால் தள்ளியிருக்கிறது. தரையில் ஈரச் சப்பாத்தின் அடையாளம்.

நான் பயந்துபோனேன். பேய்க்கு அல்ல, தட்டுக்கு.

தட்டில் ஒட்டியிருந்த தூளை மகள் மணந்து பார்க்கிறாள். தெருவில் நின்று தின்கிறவர்களின் பண்டமாம், எண்ணெயில் பொரிக்கிற ஒரு உருண்டை, எங்கள் வடை மாதிரி. தகப்பன் அதை வீட்டில் ஒருநாளும் சாப்பிட்டு அவள் கண்டதில்லை. அன்றிலிருந்து வீட்டில் சத்தங்கள். கதிரை தானாக நகர்கிறது, சாத்திய அறைக்குள் யாரோ தொண்டையைச் செருமுகிறார்கள். தாய் பகலில் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குள் போகிறாள். ஒவ்வொரு வீட்டுக் குசினிக்குள்ளும் நுழைந்து மணக்கிறாள், அடுப்பைப் பார்க்கிறாள், ஏதோ கேட்கிறாள். மகள் பின்னால் ஒளித்து ஒளித்துப் போகிறாள். தாயும் அந்த மற்றப் பெண்ணைத்தான் தேடுகிறாள் என்று அவள் நினைக்கிறாள். அடுத்த வருடமும் மேசை போடுகிறார்கள், அதே தட்டு வருகிறது. தாய் கதவைச் சாத்துகிறாள், உள்ளே கதிரை நகர்கிற சத்தம், மகள் காதைக் கதவில் வைத்துக் கேட்கிறாள். அத்தோடு படம் முடிந்துவிட்டது. தட்டை வைத்தது யார் என்று சொல்லவேயில்லை.

எங்கள் வீட்டுக் கதையை யார் அந்த நாட்டுக்குக் கொண்டுபோய்ச் சொன்னது? நிதர்சனாவில்கூட எனக்கு ஒரு கண் விழுந்தது. பின்வேலியில் நான் எறிந்ததை மேல் அறை யன்னலால் பார்த்திருப்பாளோ? பிறகுதான் அவள் வாடகைக்கு வந்தது உங்கள் எட்டெல்லாம் முடிந்து, சித்திரையில் என்று ஞாபகம் வந்தது.

வெளிச்சம் போட்டதும் படத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். நடத்துகிற விரிவுரையாளர், தட்டை வைத்தது யார் என்று கேட்டார். ஒரு பிள்ளை பேயே கொண்டுவந்தது என்றாள். இன்னொருவன் மகளின் மனப்பிராந்தி என்றான். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழும்பி நின்று கதைத்தேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, அந்த மனிதனுக்கு இன்னொரு வீடு இருந்திருக்கிறது, தட்டு அங்கேயிருந்துதான் வந்தது, தாய்க்கு அது தெரிந்ததால்தான் வீடு வீடாகத் தேடுகிறாள் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பாதிப்பேர் தலையாட்டினார்கள்.

அப்போது முன்வரிசையில் அம்மா கையை உயர்த்தினார்.

"தம்பி, நான் ஒண்டு சொல்லலாமோ? அது மற்றவள் வைச்சதில்லை. பெண்சாதிதான் வைச்சவ."

எப்படித் தெரியும் என்று விரிவுரையாளர் கேட்டார்.

"நீங்கள் எல்லாரும் எழுத்தை வாசிச்சியள். எனக்கு உந்த ஓட்டத்துக்கு வாசிக்கேலாது. நான் அவவின்ரை கையைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். மேசை போடேக்கை கை வடிவாய் இருந்தது. விடியப் பாக்க மணிக்கட்டிலை எண்ணெய் தெறிச்ச காயம். அவ குசினி குசினியாய்ப் போனது சண்டைக்கில்லை. முதல்தரம் சரியாய் வரேல்லை, எப்பிடிப் பொரிக்கிறதெண்டு கேட்டுப் படிக்கப் போனவ."

யாரோ சிரித்தார்கள். விரிவுரையாளர் சிரிக்கவில்லை. படத்தைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்தினார். தாய் மெழுகுதிரியை அணைக்கிற காட்சி. கீழே எழுத்து ஓடுகிற இடத்துக்குச் சற்று மேலே, அவளுடைய மணிக்கட்டில் மூன்று சின்னச் சிவப்புப் புள்ளிகள்.

அப்படியென்றால் ஏன் ஒளித்து வைக்க வேண்டும் என்று நிதர்சனா கேட்டாள். அம்மா அவளைப் பார்த்துத்தான் பதில் சொன்னார், என்னைப் பார்க்கவில்லை.

"மகள் இருக்கிறாள் எல்லோ. தேப்பன் எண்டால் இப்பிடித்தான் எண்டு அவள் ஒண்டை நினைச்சு வைச்சிருக்கிறாள். அதை ஏன் கெடுப்பான்?"

நான் அம்மாவின் மணிக்கட்டைப் பார்த்தேன். தழும்பு இன்னும் மெல்லிதாகத் தெரிகிறது. உறுதியில் திகதியைப் பிழைபிடிக்கிற எனக்கு, வடை சுட்டது எட்டாம் நாள் காலையில், காயம் வந்தது ஏழாம் நாள் பின்னேரம் என்பது பதினொரு மாதமாக மூளையில் ஓடவில்லை. அந்த ஏழாம் நாள், திங்கட்கிழமை, அம்மா பிரஷர் கிளினிக்குக்கு என்று தனியே ஓட்டோ பிடித்துப் போனார். சாவுத் துடக்குள்ள வீட்டில் இருந்துகொண்டு கட்டாயம் இன்றைக்குத்தான் போகவேண்டுமா என்று நான் ஏசியும் இருந்தேன்.

ஒழுங்கையால் நடந்து வரும்போது கேட்டேன்.

"அம்மா, அந்த மீன் நீங்கள் வைச்சதோ?"

"ஓம்."

"ஆர் பொரிச்சது?"

"நான்தான். கொழும்புத்துறையிலை, றெஜினாவின்ரை குசினியிலை."

எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். கலியாணம் முடிந்து இரண்டாம் வருடமே தெரியுமாம். உங்களோடு படித்தவரின் பெண்சாதி றெஜினா என்பதும், அந்த மனிதர் கடலில் போன பிறகு அவர் கடை போட்டதும், புதன்கிழமைதோறும் மூலை வாங்கிலில் இருந்து ஒரு தட்டுச் சோறும் இரண்டு ஓராவும் நீங்கள் சாப்பிடுவதும் எல்லாம் தெரியுமாம். வாசத்தை எங்கே ஒளிக்கலாம் என்றார். அப்படியென்றால் ஏன் ஒருநாளும் கேட்கவில்லை?

"கேட்டிருந்தால் விட்டிருப்பார்."

"விட்டால் நல்லதுதானே."

"பாவமெல்லோ, பிள்ளை. என்ரை ஐயாவுக்குக் குடுத்த வாக்கைக் கிழமையிலை ஆறு நாள் காப்பாத்தினவர்."

அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது, அப்பா. ஒழுங்கையில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள், நான் குனிந்து செருப்பைச் சரிசெய்வதுபோல நின்றேன். அம்மா எனக்காக நின்றார். பிறகு, ரோட்டைப் பார்த்தபடி இன்னொன்று சொன்னார்.

"வைச்சுப்போட்டுப் பேந்து வந்து பாத்தனான். இலையிலை மீன் இல்லை. அவர் வந்து சாப்பிட்டிட்டுத்தான் போயிருக்கிறார்."

நான் என்ன சொல்ல? பூனை தின்றது என்றா? அம்மா அந்த ஒரு நம்பிக்கையில்தான் பதினொரு மாதத்தைக் கழித்தார் என்று எனக்குப் பட்டது. ஓமம்மா என்றேன்.

நேற்றுப் புதன்கிழமை. கந்தோரில் அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, அலுமாரிக்கு மேலேயிருந்து எடுத்த உங்கள் குடையோடு கொழும்புத்துறைக்குப் போனேன். அம்மாவிடம் சொல்லவில்லை. கடை சின்னது, நாலு வாங்கில், கூரைத் தகரத்துக்குக் கீழே ஒரு மாதா படம். றெஜினா அன்ரி என்னைக் கண்டதும் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். இனி அவர் எனக்கு அன்ரிதான். அன்று படலையில் வைத்துத் திருப்பி அனுப்பியது பிழை, சோறு இருந்தது, நான் பொய் சொன்னேன், திவசத்துக்கு வந்து முதல் பந்தியில் இருக்க வேண்டும் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் குடையைத்தான் பார்த்தார்.

"பறவாயில்லை, பிள்ளை. குடை வீடு சேந்திட்டுது தானே."

உங்கள் மூலை வாங்கிலில் இருத்தினார். அம்மா வந்த கதையையும் சொன்னார். தான் பொரித்துத் தருகிறேன் என்றதற்கு அம்மா விடவில்லையாம். ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மற்றக் கையால் அகப்பையைப் பிடித்துக்கொண்டு, முதல் இரண்டையும் கருக்கி, பிறகு இரண்டைச் சரியாக எடுத்தாராம். பொட்டலத்தைக் கையிலே கொடுத்தபோது ஓட்டோவுக்கு வெளியே நீட்டிப் பிடித்தபடி போனாராம். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்தபோது அவருடைய கண்ணிலும் தண்ணீர்.

எனக்கு முன்னால் ஒரு தட்டு வைத்தார். சோறு, ஒரு ஓரா. நான் ஒரு துண்டைப் பிய்த்தேன். சாப்பிட்டேனா இல்லையா என்பதை இங்கே எழுதமாட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் நீங்கள் எனக்குச் சொல்லாமல் இருந்தீர்கள்தானே. நானும் ஒன்றைச் சொல்லாமல் இருக்கிறேன்.

வீட்டுப் படலையைத் திறந்தபோது மணி ஆறு நாற்பத்தைந்து. அம்மா முன் அறையில் இருந்து நிதர்சனாவோடு கதைத்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. கை மணத்தது. நேரே கிணற்றடிக்குப் போனேன்.

கல்லில் பாதித் தேசிக்காய் இருந்தது. அப்போதுதான் வெட்டியது, சாறு காயவில்லை.

நீங்கள் போன பிறகு ஒரு புதன்கிழமையிலும் அது அங்கே இருந்ததில்லை. விளக்குகள் இப்போதும் மினுங்குகின்றன, அம்மா சாம்பலும் புளியும் போட்டு மினுக்குவதை நான் தினமும் காண்கிறேன். அந்தத் தேசிக்காய் ஒருகாலமும் விளக்குக்கு வெட்டினதில்லை. உங்கள் கைக்கு வெட்டினது. வருடக்கணக்காக யார் வைக்கிறார்கள், ஏன் புதன்கிழமையில் மட்டும் வைக்கிறார்கள் என்று உங்களுக்கு ஒருநாளும் சந்தேகம் வரவில்லையா, அப்பா? பஸ்ஸின் இரண்டு நிமிடத்தைப் பிடிக்கிற மனிதருக்கு? அல்லது தெரிந்துதான் எடுத்துத் தேய்த்தீர்களா?

கையைத் தேய்த்துக்கொண்டு நிற்கும்போது இன்னொன்று நினைவுக்கு வந்தது. உங்கள் எட்டாம் நாள் செவ்வாய்க்கிழமை. புதன் அல்ல. பின்வேலியிலிருந்து நாறுகிற கையோடு நான் ஓடி வந்தபோதும் இதே கல்லில் பாதித் தேசிக்காய் இருந்தது. நல்ல காலம் என்று நினைத்துத் தேய்த்தேன். படையலுக்கு வெட்டினதில் மிஞ்சியதோ? அல்லது எழுத்தை விட்டுவிட்டுக் கையைப் பார்க்கிற ஒரு மனுசி, என் முந்தானையையும் பார்த்துவிட்டு, எனக்கு முதல் கிணற்றடிக்கு வந்து வைத்துவிட்டுப் போனாரோ? அப்படியென்றால் நீங்கள் வந்து சாப்பிட்டீர்கள் என்று ஒழுங்கையில் வைத்து அவர் சொன்னது யாருக்காக?

உள்ளே போனேன். எங்கே போனாய், ஏன் பிந்தியது என்று அம்மா கேட்கவில்லை. நாலு இடியப்பம்தான் வைத்தார்.

அப்பா, நான் அவரிடம் கேட்கப் போவதில்லை. இந்த ஒரு உறுதியை மட்டும் விரித்துப் பார்க்காமல் கையெழுத்து வைக்கிறேன். இன்று பின்னேரம் உங்கள் படத்துக்கு விளக்குக் கொளுத்தினேன், இனி ஒருநாளும் தவறாது. புதன்கிழமைகளில் உங்கள் குடையை எடுத்துக்கொண்டு நூல்நிலையத்துக்குப் போவேன். திரும்பி வர ஆறு நாற்பத்தைந்தாகும்.

நீங்கள் கை கழுவிய அதே கல்லில் தன் கையையும் கழுவுகிற,
உங்கடை சி.ஐ.டி மகள்,
வதனி